சுவருக்கு அப்பால் அழும் பிள்ளை



கண்டி நகரின் குன்றுச் சரிவுகளில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன. மஹியாவையிலோ கட்டுகஸ்தோட்டையிலோ ஒரு நெருக்கமான ஒழுங்கையில் இருந்தால், அடுத்த வீட்டில் தேங்காய் துருவுவதும் கேட்கும், பிள்ளை அடிபட்டு அழுவதும் கேட்கும். "அது அவர்கள் வீட்டு விஷயம்" என்று எத்தனை தடவை நாம் ஜன்னலைச் சாத்தியிருக்கிறோம்?

பிள்ளைகள் வதைக்கப்படுவதற்கு வறுமைதான் காரணம் என்று பலரும் சொல்வார்கள். அது பாதி உண்மை. ஜேம்ஸ் கார்பரினோ, ஷெர்மன் ஆகிய ஆய்வாளர்கள் 1980இல் வெளியிட்ட ஆய்வு, ஓர் அமெரிக்க நகரின் இரண்டு பகுதிகளை ஒப்பிட்டது. இரண்டிலும் வருமானம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆயினும் ஒன்றில் சிறுவர் வதை அதிகமாக இருந்தது. அங்கிருந்த தாய்மாருக்குக் கஷ்ட நேரத்தில் கைகொடுக்க ஆளில்லை; அயலவர் ஒருவர் பிள்ளையை மற்றவர் பார்த்துக்கொள்வதும் குறைவு.

நம் நிலையை எண்ணிப் பாருங்கள். 2022இன் பொருளாதார நெருக்கடி எத்தனையோ அடுப்புகளை அணைத்தது. உம்மா வளைகுடா நாட்டில். பிள்ளைகள் முடியாத உம்மம்மாவிடம். வாடகை வீடு தேடி நகருக்கு வந்த இளம் தாய்க்குப் பக்கத்தில் சாச்சியும் இல்லை, ராத்தாவும் இல்லை. அவளுடைய களைப்புத்தான் சில நாட்களில் பிள்ளையின் முதுகில் விழுகிறது.

அரசாங்க உதவி இல்லாமலில்லை. 1995இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக் கோவை, சிறுவரைக் கொடுமைப்படுத்துவதைக் குற்றமாக்கியது. 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை அமைந்தது. அதன் தொலைபேசி இலக்கம் 1929. இரவு பகலாக, தமிழிலும் பேசலாம். கண்டி நகரத்தவர் கங்கவட்ட கோரளைப் பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரையும் நாடலாம். வீடு தேடி வரும் மருத்துவ மாதுவிடமும் மனம் விட்டுப் பேசலாம்.

ஆனால், யாராவது வாய் திறந்தால்தானே இந்த உதவிகள் வாசலுக்கு வரும்? "பொலிஸ் வந்தால் மானம் போய்விடும்" என்ற பயம் நம் வாயைக் கட்டிப்போடுகிறது.

சகோதரிகளே, இரண்டையும் பிரித்து அறிந்துகொள்ளுங்கள். களைத்துப்போன தாய்க்குத் தேவை துணை. ஒரு மணி நேரம் பிள்ளையை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிடி சோறு அனுப்புங்கள். மஹல்லாவின் ஸக்காத் நிதி அந்த வீட்டை எட்டுகிறதா என்று பள்ளிவாசல் நிர்வாகத்திடம் கேளுங்கள். ஆனால் சூட்டுக் காயம், திரும்பத் திரும்பத் தழும்பு, பாலியல் கொடுமை என்று தெரிந்தால், செய்தவர் உறவினரானாலும் உஸ்தாதானாலும், பேசித் தீர்க்கவோ மூடி மறைக்கவோ இடமில்லை. அன்றே 1929க்கு அறிவியுங்கள். குடும்ப மானத்துக்காகப் பிள்ளையைப் பலி கொடுக்க நமக்கு உரிமையில்லை.

அயலவர் உரிமையைப் பற்றி நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். அந்த அயலவர்களில் சிறு பிள்ளைகளும் உண்டு. இன்று அஸருக்குப் பிறகு, ஒரு சாட்டை வைத்துக்கொண்டாவது பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிப் பாருங்கள்.