கையசைத்தால் உருளும் பந்து

அமெரிக்காவில் முதியவர்கள் சேர்ந்து வாழும் குடியிருப்புகள் நிறைய உண்டு. 2007ஆம் ஆண்டில் அவற்றுள் பலவற்றின் பொதுக்கூடங்களில் ஒரு புதுப் பழக்கம் தொற்றிக்கொண்டது. எழுபது, எண்பது வயதுத் தாத்தா பாட்டிகள் தொலைக்காட்சிக்கு முன்னால் கூடுவார்கள். ஒருவர் எழுந்து வந்து, ஒரு வெள்ளை ரிமோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, இரண்டு அடி எடுத்து வைத்து, கையைப் பின்னால் கொண்டுபோய் முன்னால் வீசுவார். திரையில் ஒரு பந்து உருண்டோடி, தொலைவில் நிற்கும் பத்துக் கட்டைகளைச் சாய்க்கும். பார்த்துக்கொண்டிருப்பவர்கள் கைதட்டுவார்கள். அடுத்தவர் எழுவார். பல இடங்களில் அணி பிரித்துப் போட்டியே நடத்தினார்கள்.

இவர்களில் பெரும்பாலோர் அதுவரை வீடியோ கேம் பக்கமே போகாதவர்கள். பேரப்பிள்ளைகள் ஆடும்போது எட்ட நின்று பார்த்ததோடு சரி. அப்படிப்பட்டவர்களை எழுப்பி ஆடவைத்த அந்த ரிமோட்டுக்குள் என்ன இருந்தது? கை எப்படி அசைகிறது என்று அதற்கு எப்படித் தெரிந்தது? தம்பி தங்கைகளே, இந்த மாதம் அதைத்தான் பேசப்போகிறோம்.

அந்தக் கருவியின் பெயர் வீ. ஜப்பானின் கியோட்டோ நகரத்து நின்டெண்டோ நிறுவனம் 2006 நவம்பரில் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1889இல் சீட்டுக்கட்டு தயாரிக்கத் தொடங்கிய பழைய நிறுவனம் அது. வீ வாங்கினால் பெரும்பாலான நாடுகளில் ‘வீ ஸ்போர்ட்ஸ்’ என்ற விளையாட்டுத் தொகுப்பும் கூடவே கிடைத்தது. டென்னிஸ், பேஸ்பால், கோல்ஃப், குத்துச்சண்டை, பௌலிங் என்று அதில் ஐந்து ஆட்டங்கள். பௌலிங் என்றதும் கிரிக்கெட்டை நினைக்க வேண்டாம். கனமான பந்தை வழுவழுப்பான மரத்தரையில் உருட்டிவிட்டுக் கட்டைகளைச் சாய்க்கும் ஆட்டம் இது.

வீ வருவதற்கு முன் பெரியவர்கள் ஏன் ஒதுங்கியே இருந்தார்கள்? பழைய கன்ட்ரோலரை நினைத்துப் பாருங்கள். 1980களில் நின்டெண்டோ விற்ற கன்ட்ரோலரில் கூட்டல் குறி வடிவில் ஒரு விசை, ஏ, பி என்று இரண்டு பட்டன்கள், நடுவில் இன்னும் இரண்டு. அவ்வளவுதான். இருபது ஆண்டுகளில் கட்டைவிரலால் சாய்க்கும் இரண்டு குச்சிகளும் பத்துக்கு மேற்பட்ட பட்டன்களும் வந்து சேர்ந்துவிட்டன. கண் திரையில் இருக்க, விரல் தானாகச் சரியான பட்டனைத் தேடிப் போக வேண்டும். சிறு வயதிலிருந்தே ஆடுகிறவர்களுக்கு இது கைவந்த கலை. முதன்முதலாக வாங்கிப் பிடிக்கும் ஒரு பாட்டி, தாவுவதற்கு எந்தப் பட்டன் என்று குனிந்து பார்த்துத் தேடுவதற்குள் திரையில் அவருடைய ஆள் குழிக்குள் விழுந்திருப்பான். இரண்டு முறை இப்படி ஆனால் யாருமே கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிடுவார்கள். ஆட்டம் பாட்டிக்குப் புரியாமல் போகவில்லை. பட்டன்கள்தான் குறுக்கே நின்றன.

நின்டெண்டோவின் தலைவராக அப்போது இருந்த சடோரு இவாடா இதைக் கவனித்தார். புரோகிராம் எழுதுபவராக வேலையைத் தொடங்கி நிறுவனத்தின் தலைமைக்கு வந்தவர் அவர். மற்ற நிறுவனங்கள் இன்னும் வேகமான, இன்னும் துல்லியமான படம் காட்டும் கருவிகளுக்காகப் போட்டி போட்டுக்கொண்டிருந்த காலத்தில், இதுவரை ஆடாதவர்களை எப்படி ஆடவைப்பது என்ற கேள்வியை அவர் எடுத்துக்கொண்டார். 2005 செப்டம்பரில் ‘டோக்கியோ கேம் ஷோ’ கண்காட்சியில் புதிய கன்ட்ரோலரைக் காட்டினார். அதை ‘ரிமோட்’ என்றே அழைக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். டிவி ரிமோட்டை வீட்டில் எல்லோரும் தயங்காமல் எடுக்கிறார்கள். இதையும் அப்படியே எடுக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம்.

சரி, அதைப் பிரித்து உள்ளே பார்ப்போம்.

உள்ளே 4 மில்லிமீட்டர் நீளம், 4 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு சில்லு இருக்கிறது. அதற்கு முடுக்கமானி என்று பெயர். ஓடும் பேருந்தில் நின்றுகொண்டிருக்கிறீர்கள்; ஓட்டுநர் திடீரென்று பிரேக் போடுகிறார். பேருந்து வேகம் குறைகிறது, உங்கள் உடல் மட்டும் பழைய வேகத்திலேயே போகப் பார்த்து முன்னால் சாய்கிறது. அந்தச் சில்லுக்குள்ளும் இதுதான் நடக்கிறது. மிக மிகச் சிறிய ஒரு சிலிக்கன் கட்டி, மெல்லிய சிலிக்கன் சுருள்களில் தொங்கிக்கொண்டிருக்கும். ரிமோட்டைச் சட்டென்று அசைத்தால் வெளிக்கூடு நகர்ந்துவிடும், கட்டி சற்றே பின்தங்கும். கட்டியோடு ஒட்டிய சிறு தகடுகளுக்கும், பக்கத்தில் அசையாமல் நிற்கும் தகடுகளுக்கும் இடையிலுள்ள இடைவெளி அப்போது மாறும். இடைவெளி மாறினால், அந்தத் தகடுகளுக்கு இடையே எவ்வளவு மின்னூட்டம் தேங்கும் என்பதும் மாறும். அந்த மாற்றத்தை அளந்தால், கை எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாக வேகம் பிடித்தது என்று தெரிந்துவிடுகிறது. மேல் கீழ், இடம் வலம், முன் பின் என மூன்று திசைகளிலும் இந்தச் சில்லு அளக்கும்.

இன்னொரு வியப்பும் இருக்கிறது. ரிமோட்டை மேசைமேல் சும்மா வைத்திருந்தாலும் அந்தச் சிறு கட்டியைப் பூமி கீழே இழுத்துக்கொண்டுதான் இருக்கும். ஆகவே ‘கீழ்’ என்பது எந்தப் பக்கம் என்று சில்லுக்கு எப்போதும் தெரியும். ரிமோட்டைச் சாய்த்தால் எவ்வளவு சாய்த்தோம் என்பதும் தெரியும். உங்கள் வீட்டுக் கைபேசியைப் படுக்கைவசமாகத் திருப்பினால் படமும் திரும்பிக்கொள்கிறதே, அதற்கும் இதே வகைச் சில்லுதான் காரணம். கார்களில் மோதலை உணர்ந்து காற்றுப்பையை விரிய வைப்பதற்காக 1990களின் தொடக்கத்தில் பெருமளவில் செய்யப்பட்ட கருவி இது. உயிர் காக்க வந்தது, விளையாடவும் வந்துவிட்டது.

திரையில் ஓர் இடத்தைச் சுட்டிக்காட்டுவதற்கு வேறு ஏற்பாடு. டிவிக்கு மேலேயோ கீழேயோ ஒரு மெல்லிய பட்டையை வைப்பார்கள். அந்தப் பட்டை எதையும் உணர்வதில்லை. அதன் இரு முனைகளிலும், சுமார் 20 சென்டிமீட்டர் இடைவெளியில், அகச்சிவப்பு ஒளி வீசும் சிறு விளக்குகள் இருக்கின்றன, அவ்வளவே. பார்ப்பது ரிமோட்தான். அதன் நுனியில் அகச்சிவப்பை மட்டும் பார்க்கும் ஒரு குட்டிக் கேமரா உண்டு. அதன் கண்ணுக்கு இரண்டு ஒளிப்புள்ளிகள் தெரியும். புள்ளிகள் இடப்பக்கம் நகர்ந்தால், ரிமோட் வலப்பக்கம் திரும்பியிருக்கிறது. புள்ளிகள் நெருங்கித் தெரிந்தால், நீங்கள் தள்ளி நிற்கிறீர்கள். பட்டைக்குப் பதிலாக இரண்டு மெழுகுவர்த்திகளை ஏற்றி வைத்து ஆடிப் பார்த்தவர்களும் உண்டு. சுடரிலும் அகச்சிவப்பு ஒளி இருப்பதால் அதுவும் வேலை செய்தது! நீங்கள் தீயோடு விளையாட வேண்டாம். உங்கள் டிவி ரிமோட்டின் நுனியைக் கைபேசியின் முன்பக்கக் கேமராவுக்குக் காட்டி ஒரு பட்டனை அமுக்கிப் பாருங்கள். வெறும் கண்ணுக்குத் தெரியாத ஒளி, பெரும்பாலான கைபேசித் திரைகளில் வெளிர் ஊதாவாக மின்னும்.

இனி, எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதி.

அந்த முடுக்கமானிக்குத் தெரியாத ஒன்று உண்டு. கை எந்த இடத்தில் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. வேகம் எப்படி மாறியது, ரிமோட் எவ்வளவு சாய்ந்தது என்பவை மட்டுமே தெரியும். தோளிலிருந்து முழுக் கையை வீசினாலும், மணிக்கட்டை மட்டும் வெடுக்கென்று அசைத்தாலும், அதற்குப் போகும் செய்தி ஏறக்குறைய ஒன்றாக இருக்கலாம். விவரமான பிள்ளைகள் இதைச் சீக்கிரமே கண்டுபிடித்து, சோபாவில் சாய்ந்தபடி மணிக்கட்டை மட்டும் ஆட்டி டென்னிஸ் ஆடினார்கள். இது குறை என்று சொன்னவர்கள் பலர். 2009இல் நின்டெண்டோவும் சுழற்சியை அளக்கும் கைரோஸ்கோப்பை ஒரு சிறு இணைப்பாகக் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு கையசைவு இன்னும் துல்லியமாகப் பதிவானது.

ஆனால் தோளுக்கு மேல் கை எழாத ஒரு பாட்டியின் பக்கமிருந்து பாருங்கள். சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒரு தாத்தாவின் பக்கமிருந்து பாருங்கள். அவரால் முடிந்த சிறு வீச்சையும் அந்தச் சில்லு முழு வீச்சாகவே ஏற்றுக்கொண்டது. வீ டென்னிஸில் திரையிலுள்ள ஆள் பந்தை நோக்கித் தானே ஓடுவான். அடிப்பது மட்டும்தான் நம் வேலை. ஓட முடியாதவருக்கு இதைவிட என்ன வேண்டும்? துல்லியம் குறைந்த கருவிதான் அதிகம் பேரைச் சேர்த்துக்கொண்டது என்று நான் நினைக்கிறேன். பொறியியல் படிக்கப் போகிறவர்கள் இதை ஒருமுறை ஆற அமர யோசித்துப் பார்க்கலாம்.

பௌலிங் அவர்களுக்கு அவ்வளவு பிடித்துப்போனதற்கும் காரணம் இருக்கிறது. 1950களிலும் 60களிலும் அமெரிக்காவில் ஊருக்கு ஊர் பௌலிங் கூடங்கள் நிரம்பி வழிந்தன. இந்தத் தாத்தா பாட்டிகள் இளவயதில் அங்கே ஆடியவர்கள். உண்மையான பந்து சுமார் 7 கிலோ வரை இருக்கும். முதுமையில் முட்டியும் தோளும் அதைத் தாங்காது. ரிமோட்டின் எடையோ சுமார் 150 கிராம்தான். பந்து கனத்துப் போயிருந்ததே தவிர, அந்த வீச்சை உடல் மறக்கவில்லை. பலமுறை பழகிய அசைவுகளைச் சிறுமூளையும் மூளையின் ஆழத்திலுள்ள சில பகுதிகளும் நெடுங்காலம் காத்து வைத்திருக்கின்றன. ரிமோட்டின் பின்புறப் பட்டனை அமுக்கிப் பிடித்து, வீசி, சரியான நொடியில் விட வேண்டும். நிஜப் பந்தை விரல் விடும் அதே நொடி. புதிதாகக் கற்க வேண்டியது அந்த ஒரு பட்டனைத்தான்.

ஆட்டம் சூடு பிடித்தால் ஆபத்தும் வரும். வீ வெளிவந்த முதல் சில வாரங்களிலேயே வேகமாக வீசியதில் மணிக்கட்டு வார் அறுந்து ரிமோட் பறந்த சம்பவங்கள் நடந்தன. நிறுவனம் தடித்த வார்களை இலவசமாக மாற்றிக் கொடுத்தது. மணிக்கணக்கில் வீ டென்னிஸ் ஆடிய 29 வயது மருத்துவர் ஒருவருக்குத் தோள் தசைநாண் வீங்கிப்போனதை 2007இல் ஒரு மருத்துவ இதழ் வெளியிட்டது. ரிமோட்டில் கனம் இல்லாததால் களைப்பு தெரிவதில்லை. தோள் மட்டும் உழைத்துக்கொண்டே இருக்கிறது.

2007 டிசம்பரில் ஜப்பானில் ‘வீ ஃபிட்’ வந்தது. அதனுடன் ஏறி நிற்க ஒரு வெள்ளைப் பலகை. நின்டெண்டோவின் ‘மாரியோ’ விளையாட்டைப் படைத்த ஷிகெரு மியாமோட்டோவுக்குத் தினமும் எடை பார்த்துக் குறித்து வைக்கும் பழக்கம் உண்டு. அதிலிருந்து பிறந்த யோசனை இது. பலகையின் நான்கு மூலைகளிலும் எடையை உணரும் கருவிகள் இருக்கின்றன. 40 கிலோ எடையுள்ள நீங்கள் நடுவில் நேராக நின்றால் மூலைக்கு 10 கிலோ. வலப்பக்கம் கொஞ்சம் சாய்ந்தால் வலது மூலைகளில் 13, 13 என்றும் இடது மூலைகளில் 7, 7 என்றும் மாறும். இந்த நான்கு எண்களை வைத்தே உங்கள் பாரத்தின் மையம் எங்கே இருக்கிறது என்று நொடிக்கு நொடி கணக்கிட்டுவிடலாம்.

ஒரு காலைத் தூக்கிக் கண்ணை மூடிக்கொண்டு நின்று பாருங்கள், பக்கத்தில் சுவர் இருக்கட்டும். உடல் தள்ளாடுகிறதா? கண், உள்காது, பாதம் மூன்றும் தரும் செய்திகளைச் சேர்த்துத்தான் மூளை நம்மை நிறுத்தி வைக்கிறது. முதுமையில் மூன்றுமே மங்குகின்றன. முதியவர்கள் கீழே விழுவது உலகம் முழுவதும் பெரிய மருத்துவப் பிரச்சினை. ஆகவே சமநிலையை அளப்பது முக்கியம். மருத்துவ ஆய்வகங்களில் அதற்கென்றுள்ள மேடை மிகவும் விலை உயர்ந்தது. ஆஸ்திரேலியாவில் ராஸ் கிளார்க் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் அந்த மேடையையும் இந்த விளையாட்டுப் பலகையையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நிற்கும்போது உண்டாகும் தள்ளாட்டத்தை அளப்பதில் பலகையும் நம்பத்தக்கதுதான் என்று 2010இல் எழுதினார்கள்.

இந்த ஆட்டங்களால் உடலுக்கு உண்மையிலேயே பயன் உண்டா? இங்கிலாந்தின் லிவர்பூலில் 13 முதல் 15 வயது வரையுள்ள 11 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். உட்கார்ந்து ஆடும் வீடியோ கேமைவிட வீ ஆடும்போது உடல் பாதிக்கு மேல் கூடுதலாக ஆற்றலைச் செலவிட்டது. ஆனால் நிஜ மைதானத்தில் ஆடும் அளவுக்கு வரவில்லை.

கனடாவின் டொரான்டோ நகரில் மருத்துவர் குஸ்டாவோ சபோஸ்னிக் இன்னும் கடினமான கேள்வியைக் கேட்டார். பக்கவாதத்தால் ஒரு கை பலமிழந்தவர்களுக்கு வீ உதவுமா? எல்லோருக்கும் வழக்கமான சிகிச்சை உண்டு. அதற்கு மேல் ஒரு பாதிப் பேர் வீ ஆடுவார்கள். மறு பாதிப் பேர் சீட்டு, பிங்கோ போன்ற எளிய ஆட்டங்களை ஆடுவார்கள். இந்த மறு பாதி ஏன் வேண்டும்? நோய் தொடங்கிய முதல் மாதங்களில் பலருக்கு எப்படியும் கொஞ்சம் குணமாகும். ஒப்பிட்டுப் பார்க்க ஆள் இல்லையென்றால், அந்தக் குணம் முழுவதும் வீயால் வந்தது என்று தவறாக நினைத்துவிடுவோம். 22 பேரை வைத்து 2010இல் வெளிவந்த முதல் சோதனையில் வீ ஆடியவர்களே முன்னால் நின்றார்கள். பலருக்கும் உற்சாகம். அத்தோடு நின்றுவிடாமல், நான்கு நாடுகளின் மருத்துவமனைகளில் 141 பேரைச் சேர்த்து அதே கேள்வியை மறுபடி கேட்டார்கள். 2016இல் முடிவு வந்தது. இரு பாதியினருக்கும் கை தேறியிருந்தது. ஏறக்குறைய ஒரே அளவுக்கு.

சீட்டைக் கலைக்கவும், ஒவ்வொன்றாகப் பிரித்துப் போடவும், விசிறியாக விரித்துப் பிடிக்கவும் விரலும் மணிக்கட்டும் உழைத்தாக வேண்டும் அல்லவா? எந்த ஆட்டம் என்பதைவிட, பலமிழந்த கையைப் போதுமான அளவு, திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதே முக்கியமாக இருக்கலாம் என்று அந்த ஆய்வுக் குழு எழுதியது. சீட்டுக்கட்டு செய்தே பிழைக்கத் தொடங்கிய ஒரு நிறுவனத்தின் கருவியோடு, சீட்டாட்டமும் சமமாக வந்து நின்றது.