காக்கைக் கூட்டில் தொடங்கும் கதை

மார்ச் பிறந்துவிட்டால் மும்பையின் கோவண்டியில் குயில் கூவத் தொடங்கிவிடும். தேவ்னார் குப்பைமேடு பக்கத்திலேயே இருப்பதால் இங்கே காக்கைக்குப் பஞ்சமில்லை. காக்கை கூடு கட்டும் இடத்தில் குயிலுக்கு வேலை உண்டு. என்ன வேலை என்று கேட்டால் எங்கள் சந்துப் பிள்ளைகளில் பாதிப்பேர் கத்துவார்கள்: "காக்கா கூட்டுல திருட்டுத்தனமா முட்டை போடும், மாமா!"

ஒட்டுண்ணிகளைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேச உட்கார்ந்தால் நான் அங்கிருந்துதான் தொடங்குவேன். எடுத்த எடுப்பில் புழுவைப் பற்றிப் பேசினால் "சீ, கந்தா!" என்று மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். அழுக்குக்கு மும்பைப் பிள்ளைகளின் வாயில் அதுதான் பெயர். குயிலை யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஆனால் அது செய்கிற காரியத்தைப் பாருங்கள். காக்கை முட்டை பொரிய 16 நாளுக்குக் குறையாது. குயில் முட்டை 13, 14 நாளில் பொரிந்துவிடும். முந்திப் பிறந்தது முந்தி வாயைத் திறக்கிறது. கொண்டுவந்த இரையை அந்த வாயில்தான் தாய்க்காக்கை முதலில் போடுகிறது.

ஒட்டி உண்பது ஒட்டுண்ணி என்று பிள்ளைகளே பிரித்துச் சொல்லிவிடுகிறார்கள். அதைச் சுமக்கிற உயிருக்குத் தமிழில் ஓம்புயிர் என்று பெயர். விருந்தோம்பலில் இருக்கிற அதே ஓம்பல். அழைக்காத விருந்தாளிக்கும் சோறு போட்டுக்கொண்டிருக்கிற வீடு. இந்தச் சொல்லை ஆக்கியவர்களை நினைத்து நான் பலமுறை மகிழ்ந்திருக்கிறேன்.

அடுத்து பேன். மத்தியானத்தில் எங்கள் பைகன்வாடி வாசற்படிகளில் ஒருத்தி முதுகுக்குப் பின்னால் ஒருத்தியாகப் பெண்கள் உட்கார்ந்து பேன் பார்ப்பதைப் பார்க்காத பிள்ளை இங்கே கிடையாது. பேனுக்கு இறக்கை இல்லை, தாவவும் தெரியாது. பெரும்பாலும் தலையும் தலையும் உரசும்போதுதான் ஏறிப்போகும். "அப்போ ஃப்ரெண்டு இருக்கிறவளுக்குத்தான் பேன் வரும்!" என்றாள் ஒரு சிறுமி. எந்தப் பாடப்புத்தகமும் இதைவிடத் தெளிவாகச் சொல்லிவிடாது. தலைப்பேனிலிருந்து ஆடைப்பேன் எப்போது பிரிந்தது என்று மரபணுவை வைத்துக் கணக்கிட்ட அறிஞர்கள், மனிதன் துணி உடுத்தத் தொடங்கிய காலத்தையே அதிலிருந்து மதிப்பிட்டிருக்கிறார்கள். 2011-இல் வெளிவந்த ஒரு கணக்கு 1,70,000 ஆண்டுகள் வரை பின்னே போகிறது.

இவ்வளவும் சொன்ன பிறகுதான் உருளைப்புழுவிடம் வருவேன். பள்ளிக்கூட ஸ்கேலைப் பக்கத்தில் வைப்பேன். பெண்புழு அந்த 30 சென்டிமீட்டரையும் தாண்டி வளரக்கூடியது. ஒரு நாளைக்கு இரண்டு லட்சம் முட்டை வரை இடும். முட்டை மண்ணில் சில வாரம் கிடந்து பக்குவப்பட்டு, கழுவாத கையோடு வாய்க்குள் போகிறது. குடலில் பொரிந்த குஞ்சு அங்கேயே தங்குவதில்லை. குடல் சுவரைத் துளைத்துக்கொண்டு ரத்தத்தோடு கல்லீரலுக்குப் போகிறது. அங்கிருந்து இதயம் வழியாக நுரையீரலுக்கு. பிறகு மூச்சுக்குழாயில் ஏறித் தொண்டைக்கு. பிள்ளை எச்சிலை விழுங்கும்போது அதுவும் இறங்கி, புறப்பட்ட குடலுக்கே வந்து சேர்கிறது. கேட்டுக்கொண்டிருந்த ஒரு பையன் சொன்னான்: "கோவண்டியில ரயில் ஏறி, பன்வேல் வரைக்கும் போயி, திரும்பக் கோவண்டியிலயே இறங்குற மாதிரி."

அன்றைக்கு ஒருவரும் மூக்கைப் பொத்தவில்லை. எல்லோரும் போன பிறகு ஒரு சிறுமி மட்டும் நின்றாள். "எனக்கும் ஒண்ணு வந்துச்சு மாமா. அம்மாகிட்ட சொல்லல. திட்டுவாங்க." இனிப்பு தின்றால் வயிற்றில் பூச்சி வரும் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறார்கள். சாக்லேட் தின்ற குற்றத்துக்குத் தண்டனை என்றே அவள் நம்பியிருந்தாள். பூச்சி முட்டையிலிருந்துதான் வரும், இனிப்பிலிருந்து வராது என்று சொன்னபோது அவள் முகம் மாறியதை என்னால் மறக்க முடியாது.

வெட்கம் ஒருபுறம் என்றால், பயம் இன்னொருபுறம். 2018 ஆகஸ்ட்டில் கோவண்டியின் மாநகராட்சிப் பள்ளி ஒன்றில் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்த சில நாளில் ஒரு மாணவி இறந்துபோனாள். மாத்திரைதான் காரணம் என்று பேச்சுப் பரவ, நூற்றுக்கணக்கான பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பெற்றோர் மருத்துவமனைகளுக்கு ஓடினார்கள். பிரேதப் பரிசோதனை காசநோயைக் காட்டியதாக மாநகராட்சி தெரிவித்தது. ஓடிய தாய்மார்களை நான் குறை சொல்லமாட்டேன். பிள்ளையின் வாயில் போடுவது என்ன, அது உள்ளே போய் என்ன செய்கிறது என்று முன்பே விளக்கியிருந்தால் அவ்வளவு கலக்கம் இருந்திருக்காது.

புழுவுக்கும் மாத்திரை உண்டு. அதற்காக 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாள் நடத்தப்படுகிறது. பிப்ரவரி 10-உம் ஆகஸ்ட் 10-உம் அதற்குரிய நாட்கள். ஒன்று முதல் பத்தொன்பது வயது வரை அல்பெண்டசோல் மாத்திரை. 400 மில்லிகிராம், இரண்டு வயதுக்குள் இருந்தால் பாதி. மென்று தின்ன வேண்டும். அது புழுவைச் சர்க்கரை உறிஞ்சவிடாமல் செய்கிறது. புழு பட்டினியில் சாகிறது. இதைக் கேட்ட பிள்ளைகள் மாத்திரையைப் பார்த்துப் பயப்படுவதில்லை, உள்ளே நடக்கப்போகும் சண்டையைக் கற்பனை செய்துகொண்டு மெல்லுகிறார்கள்.

போன தடவை மாத்திரை தின்றுவிட்டு வந்த பிள்ளைகளிடம் புழுவின் பயணத்தைப் படமாக வரையச் சொன்னேன். வாய், குடல், ஈரல், நுரையீரல் எல்லாம் வரைந்தார்கள். வெளியே வந்த முட்டை அடுத்து எங்கே போகும் என்று கேட்டதும் பென்சில்கள் நின்றன. பன்வேல் பையன்தான் முதலில் வரைந்தான்: பொதுக் கழிவறை, அதன் பின்னால் உடைந்த குழாய், மூடியில்லாத சாக்கடை, அதை ஒட்டிய மைதானம். மைதானத்தில் ஒரு பந்து. பந்தை எடுக்கக் குனிந்திருக்கும் ஒரு பையன்.

"மாமா, மாத்திரை தின்னாலும் நாளைக்குப் பந்து அங்கதானே விழும்?"

அந்தப் படத்தை மடித்து என் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். வார்டு அலுவலகத்துக்கு எழுதும் மனுவோடு அதையும் இணைக்கப்போகிறேன்.