கழுநீர்ப் பானை இருந்த வீடுகள்

திருமுல்லைவாயில் ஈசனிடம் வள்ளலார் வைத்த விண்ணப்பம் திருவருட்பாவில் இருக்கிறது. 1867 மே 23 அன்று அவர் வடலூரில் தருமச்சாலை தொடங்கினார். அங்கே மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. கொல்லாமையைத் தம் நெறியின் அடிப்படையாக வைத்த அவர், புலால் உண்பவரின் பசியையும் ஆற்றச் சொன்னார். உணவில் அறம் என்றால் பசித்தவருக்கே முதலிடம். அந்த அளவுகோலை வைத்து நம் ஊரான திருமுல்லைவாயிலைப் பார்க்கலாம்.

அன்று இது ஏரியும் வயலும் சூழ்ந்த ஊர். ராத்திரி மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைப்பார்கள். காலையில் மோரும் உப்பும் போட்டுக் கரைத்து, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடித்துவிட்டு வேலைக்குக் கிளம்புவார்கள். அரிசி களைந்த தண்ணீர், வடித்த கஞ்சி, காய்த்தோல் எல்லாம் கொல்லைப்புறக் கழுநீர்ப் பானைக்குப் போகும், அங்கிருந்து மாட்டுக்கு. ஆடியில் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினால் தெருவே சொம்போடு நிற்கும். ஆனால், யாரோடு உட்கார்ந்து சாப்பிடலாம் என்பதை அன்று சாதிதான் முடிவு செய்தது. வேலையாளுக்குத் தட்டும் தனி, இடமும் தனி. அன்றைய சிக்கனத்தைப் போற்றுகிறவர்கள் இந்த அநீதியையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இன்று சி.டி.எச். சாலையில் பிரியாணிக் கடைக்கும் டிபன் கடைக்கும் பஞ்சமில்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடித்து வருபவர்கள், பக்கத்தில் இருப்பவர் யார் எவர் என்று கேட்காமல் ஒரே மேசையில் சாப்பிடுகிறார்கள். 2022 செப்டம்பரில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுவதுமுள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பாத்திரத்து உப்புமா. இது பெரிய முன்னேற்றம்.

வீட்டுக்குள்தான் சறுக்கிவிட்டோம். பிரிட்ஜில் மூன்று நாள் கிடந்த குழம்பும் பாதி தின்ற பார்சலும் பாலிதீன் பையில் முடிச்சுப் போட்டபடி குப்பைத்தொட்டிக்குப் போகின்றன. தெருவில் திரியும் மாடு அந்தப் பையையும் சேர்த்தே மெல்லுகிறது. 2022-ல் உலகில் 105 கோடி டன் உணவு வீணானதாக ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் கணக்கிட்டது. அதில் 60 சதவீதம் வீடுகளில் வீணானது. கல்யாண மண்டபத்தை மட்டும் குறை சொல்லித் தப்பிக்க முடியாது.

சைவமா அசைவமா, சிறுதானியமா சப்பாத்தியா என்று நாம் நிறையவே பேசுகிறோம். பேசுவோம். அதற்கு முன் வேண்டிய அளவு மட்டும் சமைப்போம். மிஞ்சும் என்று தெரிந்தால், கெடும்வரை வைத்திருக்காமல் சூடு ஆறுவதற்குள் காவலாளிக்கோ பக்கத்து வீட்டுக்கோ கொடுத்துவிடுங்கள். நல்ல சாப்பாடாகக் கொடுங்கள், மரியாதையோடு கொடுங்கள்.