பசை இறுகும் வரை

காரின் பின்கண்ணாடி நொறுங்கிவிட்டால் உரிமையாளர் கேட்பது இரண்டே கேள்விகள்: எவ்வளவு ஆகும், எப்போது வண்டியை எடுத்துக்கொள்ளலாம்? முதல் கேள்விக்குப் பதில் சொல்லப் பட்டறைக்காரருக்கு ஒரு ஃபோன் போதும். இரண்டாவதில்தான் வம்பு இருக்கிறது. ‘மத்தியானம் வாங்க, ரெடியா இருக்கும்’ என்கிற பட்டறையை நமக்குப் பிடித்துப்போகிறது. ‘வண்டி ராத்திரி இங்கேயே இருக்கட்டும்’ என்பவர் வேலையை இழுத்தடிப்பவராகத் தெரிகிறார். இந்த மதிப்பீடு தலைகீழானது என்பதே இங்கே என் கட்சி. கண்ணாடி ஆலையில் செய்து வருகிற பொருள். சரியான பாகத்தை வரவழைத்தால் எந்தப் பட்டறையிலும் அது ஒன்றேதான். வேலை நன்றாக அமைந்ததா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது, கண்ணாடிக்கும் இரும்புக்கும் நடுவே ஒளிந்துகொள்கிற கறுப்புப் பசையும், அது இறுகுவதற்கு நாம் கொடுக்கிற நேரமும்.

பின்கண்ணாடி ஏன் இப்படித் தூள்தூளாகிறது? முன்கண்ணாடியில் கல் பட்டால் விரிசல் ஓடி அப்படியே நிற்கும். அது இரண்டு தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. பின்கண்ணாடி பெரும்பாலான கார்களில் ஒற்றைத் தகடு, 3 முதல் 4 மில்லிமீட்டர் கனம். அதை 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, உடனே இரு பக்கமும் காற்றைப் பீய்ச்சி ஆற வைக்கிறார்கள். மேற்பரப்பு முதலில் இறுகிவிடுகிறது; உள்ளே இருப்பது பிறகு ஆறிச் சுருங்கும்போது மேற்பரப்பைத் தன் பக்கம் இழுக்கிறது. மேல்தோல் எப்போதும் அழுந்திய நிலையிலும் உள்பகுதி எப்போதும் இழுபட்ட நிலையிலும் இருந்துவிடுகின்றன. சாதாரணக் கண்ணாடியைவிட நான்கைந்து மடங்கு பலம் இந்த இழுபறியால் வருவது. ஒரு கீறல் மேல்தோலைத் தாண்டி உள்ளே இறங்கினால் தகடு முழுவதும் ஒரே கணத்தில் சிதறுவதும் இதே இழுபறியால்தான். சிதறும் துண்டுகள் நீண்ட கூரிய சில்லுகளாக இல்லாமல் சிறு கட்டிகளாக விழுவது திட்டமிட்ட ஏற்பாடு. ஐக்கிய நாடுகளின் வாகன விதி 43, உடைந்த தகட்டில் 5-க்கு 5 சென்டிமீட்டர் சதுரத்துக்குள் குறைந்தது 40 துண்டுகளாவது இருக்கவேண்டும் என்கிறது. ஆக, நொறுங்கிய பின்கண்ணாடி தன் கடமையைச் செய்துவிட்டுப் போயிருக்கிறது. அதற்கு ஒட்டுப்போட வழியில்லை, மாற்றத்தான் வேண்டும்.

இன்னொன்றும் இந்த இழுபறியால் வருகிறது. இப்படிச் சூடாக்கி ஆற வைத்த டெம்பர்டு கண்ணாடியைச் செய்து முடித்தபின் வெட்டவோ துளையிடவோ முடியாது. முயன்றால் கையிலேயே சிதறும். அதனால் அந்தந்த மாடலுக்கு, பல சமயம் அந்தந்த வேரியன்டுக்கு என்றே வார்த்த கண்ணாடி வேண்டும். பனிமூட்டத்தைப் போக்கும் டிஃபாகர் கோடுகள் உண்டா, ரேடியோ ஆன்டெனா அதிலேயே அச்சிடப்பட்டிருக்கிறதா, வைப்பருக்குத் துளை இருக்கிறதா என்பதையெல்லாம் முன்பே பார்த்துச் சொல்லவேண்டும். வாகனக் கண்ணாடி செய்கிற ஆலை ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்திலேயே இருந்தாலும், அதிகம் ஓடாத மாடலுக்குச் சில நாள் காத்திருக்க நேர்வது இதனால்தான்.

‘வெயிலில் நிறுத்தியிருந்தோம், தானாக வெடித்துவிட்டது’ என்று பலர் சொல்வார்கள். வெயில் மட்டுமே காரணமாக இருப்பது அரிது. டெம்பர்டு கண்ணாடி ஏறக்குறைய 200 டிகிரி வெப்பநிலை வேறுபாட்டைக்கூடத் தாங்கும். அக்னி நட்சத்திரம் அவ்வளவு தூரம் போவதில்லை. எப்போதோ ஓரத்தில் பெயர்ந்த ஒரு சில்லோ, டிக்கியை அறைந்து சாத்தும்போது முட்டிய பெட்டியோ, பழைய இடியில் சற்றே முறுக்கிக்கொண்ட கதவுச் சட்டமோ முன்பே வேலையைத் தொடங்கிவைத்திருக்கும். வெயில் அதை முடித்துவைத்திருக்கும். நடுவில் பலசாலியான இந்தக் கண்ணாடிக்கு ஓரம்தான் உயிர்நிலை. சட்டம் நேராக இருக்கிறதா என்று டிங்கரைப் பார்க்கச் சொல்லாமல் புதுக் கண்ணாடியை மாட்டினால், அதையும் முறுக்கிலேயே உட்கார வைக்கிறோம். அடுத்த கோடையில் இரண்டாவது கண்ணாடிக்குப் பணம் எடுத்துவைக்க வேண்டியிருக்கும்.

அவசர மாட்டலை நாம் இயல்பாக எடுத்துக்கொள்வதற்கு ஒரு வரலாறு உண்டு. அம்பாசிடர் போன்ற பழைய கார்களில் கண்ணாடியை ரப்பர் பீடிங்தான் பிடித்துக்கொண்டிருந்தது. பீடிங்கைக் கண்ணாடியைச் சுற்றி மாட்டி, அதன் பள்ளத்தில் ஒரு கயிற்றை ஓட்டி, வெளியிலிருந்து ஒருவர் அழுத்த, உள்ளிருந்து ஒருவர் கயிற்றை இழுக்க, ரப்பரின் உதடு சட்டத்தைத் தாண்டி உள்பக்கம் வந்து கவ்விக்கொள்ளும். அழகான வேலை. கயிறு முழுதும் வெளியே வந்த நிமிடமே வேலை முடிந்தது. வண்டியை அப்போதே ஓட்டிக்கொண்டு போகலாம். இன்றைய கார்களில் ரப்பருக்குப் பதில் பாலியூரித்தேன் பசை. பட்டறைப் பேச்சில் பி.யு. சீலன்ட். கண்ணாடி இங்கே பாடியோடு ஒட்டி, அதன் விறைப்பில் ஒரு பங்கையும் சுமக்கிறது. தொழில்நுட்பம் மாறிவிட்டது, நம் எதிர்பார்ப்போ இன்னும் கயிற்றுக் காலத்திலேயே நிற்கிறது.

இந்தப் பசை வேலையை ஒழுங்காகச் செய்வதில் எத்தனை படிகள் இருக்கின்றன என்று தெரிந்தால் நேரக் கணக்கு தானே புரியும். முதலில் துண்டுகளை அகற்றவேண்டும். சீட் மடிப்பு, சீட் பெல்ட் பூட்டு, ஸ்டெப்னி வைக்கும் குழி, டிக்கிக் கதவின் உள்தட்டு என்று எல்லா இடத்திலும் அவை புகுந்திருக்கும். வாக்குவம் போட்டுத்தான் எடுக்கவேண்டும், கையால் துடைக்கக் கூடாது. கதவின் உள்தட்டைக் கழற்றாமல் விட்டால், ஒவ்வொரு தடவை டிக்கியைத் திறக்கும்போதும் உள்ளே கலகலவென்று கேட்கும். அடுத்து, சட்டத்தில் ஒட்டியிருக்கும் பழைய பசை. அதை இரும்பு தெரியும்வரை சுரண்டுவதுதான் சுத்தமான வேலை என்று தோன்றும். உண்மை வேறு: ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கனத்துக்குப் பழைய பசையை விட்டு, மேலே சீராகச் சீவிவிடவேண்டும். புதுப் பசை நன்றாகப் பிடிக்கிற தளங்களில் அப்போது சீவிய பழைய பசையும் ஒன்று. அடியில் ஆலை போட்ட பெயின்டும் காயமின்றித் தப்பும். கத்தி தவறிப் பெயின்ட் கீறிய இடங்களில் பிரைமர் பூசியே ஆகவேண்டும். பூசாவிட்டால் துரு அங்கேதான் பிறக்கும், பசைக்கு அடியில், யார் கண்ணுக்கும் படாமல். புதுக் கண்ணாடியின் ஓரத்தைத் துடைத்து அதற்குரிய பிரைமரைத் தடவ வேண்டும். ஓரத்தைச் சுற்றி ஓடும் கறுப்புப் பட்டை அழகுக்காகப் போட்டது மட்டுமல்ல. வெயிலின் புறஊதாக் கதிர் பட்டால் பசை காலப்போக்கில் நைந்துபோகும்; அந்தக் கதிரைத் தடுக்கவும்தான் அந்தப் பட்டை. பிறகு, முக்கோண வடிவில் எங்கும் அறுபடாத ஒரே கோடாகப் பசையைப் பிதுக்கி, மேலே தோல் கட்டுவதற்குள் கண்ணாடியை ஒரே தடவையில் உட்கார வைக்கவேண்டும். தூக்கித் தூக்கிச் சரிசெய்தால் பசைக்குள் காற்று வழி விழும்.

பி.யு. பசை காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து இறுகுகிற வகை. சாதாரண வெப்பமும் ஈரமும் உள்ள சூழலில் ஒரு நாளில் சுமார் 3 முதல் 4 மில்லிமீட்டர் ஆழம்தான் இறுகும். ஒரு பக்கம் கண்ணாடி, மறுபக்கம் இரும்பு; இரண்டிலும் ஈரம் ஊடுருவாது. பசைக்கோட்டின் இரண்டு விளிம்புகள் வழியாக மட்டுமே ஈரம் உள்ளே போகவேண்டும். கண்ணாடியை அழுத்தி வைத்தபின் கோடு 10 முதல் 12 மில்லிமீட்டர் அகலம் பரவியிருக்கிறது என்றால், நடுப்பகுதி இறுகி முடிய ஒன்றரை, இரண்டு நாள் ஆகலாம். முழுதும் இறுகும்வரை வண்டியைத் தொடக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. எத்தனை மணி நேரத்தில் ஓட்டலாம் என்பதைப் பசை தயாரிப்பாளர் குறித்திருப்பார். வகையைப் பொறுத்து அது ஒரு மணி நேரமாகவும் இருக்கும், ஒரு நாளாகவும் இருக்கும். கான்கிரீட் தளம் போட்டவர் மேலே நடக்கலாம் என்பதற்காக அன்றே அதன்மேல் சுவர் எழுப்புவதில்லை. ஓட்டலாம் என்பதையும் அதே போலத்தான் புரிந்துகொள்ளவேண்டும். முதல் இரண்டு நாள் எல்லாக் கண்ணாடிகளையும் ஏற்றிவிட்டுக் கதவை அறைந்தால், உள்ளே அடைபட்ட காற்று இளம் பசையை வெளியே தள்ளும். ஒரு கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தாலே போதும். வாட்டர் வாஷும் வேண்டாம். இவற்றை வாடிக்கையாளரிடம் சொல்லி அனுப்பாத பட்டறை நல்ல பசையை வாங்கியும் பயனில்லை.

இதற்கெல்லாம் வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பின்கண்ணாடி முன்கண்ணாடி அல்லவே? ஏர்பேக் விரியும்போது சாய்ந்துகொள்வதற்கு முன்கண்ணாடி தேவை; மோதலில் ஆளை உள்ளே நிறுத்தவும் அது உதவும். பெரிய விபத்தில் பின்கண்ணாடி எப்படியும் நொறுங்கிவிடும். ஒட்டு எவ்வளவு உறுதியாக இருந்து என்ன? இந்த வாதத்தில் பாதி உண்மை. பின்சீட்டில் இருப்பவரை வண்டிக்குள் நிறுத்திவைப்பது சீட் பெல்ட்தான், கண்ணாடி அல்ல. ஆனால் ஒட்டு தோற்பது பெரும்பாலும் விபத்தில் அல்ல, ஐப்பசி மழையில். மேல் ஓரத்தில் ஊசிமுனை அளவு வழி இருந்தாலும் நீர் உள்பலகைக்குப் பின்னால் இறங்கி, ஸ்டெப்னிக் குழியில் தேங்கும். முதலில் நாற்றம், பிறகு துரு, சில கார்களில் டிக்கியில் உள்ள மின்சாதனங்களுக்கும் கேடு. ஓடும் காரின் பின்னால் காற்றழுத்தம் குறைவதால், அங்கே திறப்பு இருந்தால் சைலன்ஸர் புகை உள்ளே இழுக்கப்படும். அதில் கலந்திருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. ஹேட்ச்பேக் காரில் கண்ணாடி டிக்கிக் கதவிலேயே ஒட்டியிருக்கிறது, ஒவ்வொரு அறைதலையும் அந்த ஒட்டுதான் வாங்கிக்கொள்கிறது. விபத்தே நடக்காத வண்டிக்கும் இவ்வளவு வேலை இந்தப் பசைக்கு உண்டு.

அந்தப் புகைக் காரணத்தாலேயே, உடைந்த இடத்தில் பிளாஸ்டிக் தாளை ஒட்டிக்கொண்டு வாரக்கணக்கில் ஓட்டுவது தவறு. பட்டறைவரை போயே ஆகவேண்டும் என்றால் மற்றக் கண்ணாடிகளை மூடி, ஏசி விசிறியை வெளிக்காற்று எடுக்கும் நிலையில் வேகமாக வைத்து, நிதானமாகப் போகலாம்.

‘சிலிக்கான் போட்டால் அரை மணியில் வேலை முடியும், விலையும் குறைவு’ என்பது அடுத்த வாதம். குளியலறைத் தொட்டிக்கு அது போதும். கடையில் மலிவாகக் கிடைக்கிற பல சிலிக்கான் வகைகள் இறுகும்போது அசிட்டிக் அமிலத்தை வெளிவிடுகின்றன, புளித்த நெடி அடிப்பது அதனால்தான். கீறல் விழுந்த இரும்புக்கு அது ஆகாது. கண்ணாடியைச் சுமக்கிற பலமும் அதற்கு இல்லை. இன்னும் மோசம், சிலிக்கான் பட்ட தளத்தில் பிறகு பி.யு. பசை சரியாகப் பிடிக்காது. இன்று மிச்சம் பிடித்த சில நூறு ரூபாய், நாளை வேலையைத் திருத்த வருகிறவருக்குப் பெரிய இடையூறு.

பழைய கண்ணாடி வாங்கலாமா என்ற கேள்விக்கு என் பதில் பலர் எதிர்பார்ப்பதைவிட மென்மையானது. சென்னை புதுப்பேட்டை போன்ற சந்தைகளில் கழித்த வண்டியிலிருந்து எடுத்த கண்ணாடி கிடைக்கிறது. கண்ணாடி வயதாகிப் பலமிழப்பதில்லை. கம்பெனி வண்டியோடு வந்த அசல் கண்ணாடியாகவும் அது இருக்கக்கூடும். மூலையில் உள்ள முத்திரையைப் பாருங்கள்: தயாரிப்பாளர் பெயர், டெம்பர்டு என்ற குறிப்பு, ஐ.எஸ். 2553 எண்ணுடன் ஐ.எஸ்.ஐ. குறி. ஆபத்து ஓரத்தில் இருக்கிறது. கத்தியும் கம்பியும் போட்டு அறுத்து எடுத்தபோது ஓரம் சில்லுப் பெயர்ந்திருந்தால், எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். டிஃபாகர் கோடுகள் அறுந்திருக்கின்றனவா என்று மீட்டர் வைத்துப் பார்க்கவேண்டும். முந்தைய உரிமையாளர் ஒட்டிய கறுப்பு ஃபிலிமை யாராவது உரித்திருந்தால் கோடுகளும் கூடவே பெயர்ந்திருக்கலாம். பின்கண்ணாடி வழியே 70 சதவீத வெளிச்சமாவது ஊடுருவ வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி 100. அடர்த்தியான நிறக் கண்ணாடி அசலே ஆனாலும் ஆகாது.

கடைசியாகப் பணம். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருப்பவருக்குக் கண்ணாடிக்கு ஒன்றும் கிடைக்காது. முழுக் காப்பீட்டில் கண்ணாடிப் பாகத்துக்குத் தேய்மானக் கழிவு இல்லை. வண்டி எத்தனை பழையதானாலும் கண்ணாடியின் முழு விலை கணக்கில் வரும். அதிலிருந்து 1500 சி.சி. வரையிலான காருக்கு 1,000 ரூபாயும் அதற்கு மேல் 2,000 ரூபாயும் கட்டாயக் கழிவாகப் போகும். உடனே கிளெய்ம் போடத் தோன்றும். ஒரு சிறு கணக்குப் போட்டபின் போடுவது நல்லது. சொந்தச் சேதத்துக்கான பிரீமியம் 8,000 ரூபாய், ஐந்து ஆண்டு கிளெய்ம் இல்லாததால் 50 சதவீதத் தள்ளுபடி போக 4,000 கட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கிளெய்ம் போட்டால் தள்ளுபடி பூஜ்யத்துக்கு இறங்கி, பிறகு 20, 25, 35, 45 என்று ஏறித் திரும்பவும் 50-க்கு வரவேண்டும். பிரீமியம் மாறாது என்று கொண்டால், அந்த ஐந்து ஆண்டுகளில் கூடுதலாகக் கட்டுவது மொத்தம் 10,000 ரூபாய். தள்ளுபடியைக் காக்கும் கூடுதல் பாலிசி இல்லாத சின்னக் காருக்குக் கைப்பணம் கொடுப்பதே பல சமயம் லாபம். கிளெய்ம்தான் என்று முடிவு செய்தால், மிச்சக் கண்ணாடியைக் கழற்றுவதற்கு முன்பே கம்பெனிக்குத் தெரிவித்துப் படம் எடுத்துவைக்க வேண்டும். யாரோ உடைத்தது என்றால் போலீஸில் புகாரும் தேவைப்படும். யார் பணம் கொடுத்தாலும் பில்லில் கண்ணாடியின் விலைக்குக் கீழே இன்னும் இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள்: எந்தப் பசை போட்டார்கள், எத்தனை மணிக்குப் போட்டார்கள்.