பெருமீன்களுக்கு ஏற்ற தொட்டி

வண்ணமீன் விற்கும் கடைகளில் 'சுறா' என்ற பெயரால் ஒரு சிறு மீன் விற்கப்படுகிறது. விரல் நீளம் உடையது, வெள்ளி நிறமானது, முதுகுத் துடுப்பு நிமிர்ந்து நிற்றலால் அப்பெயர் பெற்றது. உண்மையில் இது சுறாவன்று. கெளிற்றினத்தைச் சேர்ந்த பங்காசியஸ் மீனாகும். தாய்லாந்தின் சாவ்பிரயா ஆறும், மீகாங் ஆறும் இதன் தாயகம். 1990-களின் நடுவில் வங்கதேசத்தின் வழியாக நம் நாட்டிற்கு வந்து, இப்பொழுது ஆந்திரப் பிரதேசத்துக் குளங்களில் உணவுக்காகப் பெருமளவில் வளர்க்கப்படுகிறது. முழு வளர்ச்சியில் 130 செ.மீ. நீளமும் 44 கிலோகிராம் எடையும் எட்டவல்லது. இதனை வாங்குவோரோ, 60 செ.மீ. நீளமுள்ள கண்ணாடித் தொட்டி ஒன்றையும் உடன் வாங்கி வீடு திரும்புகின்றனர். மீன் வளர்ந்து முடியும்பொழுது தொட்டியைப்போல் இரு மடங்கு நீளம் உடையதாக இருக்கும் என்பதை அவர்களுக்குச் சொல்வார் இல்லை.

இவ்வாறு குஞ்சாக விற்கப்பட்டுப் பெருமீனாக வளர்வன வேறு பலவும் உள. அமேசான் ஆற்றின் செவ்வால் கெளிறு 130 செ.மீ. வரை வளரும். அதே ஆற்றின் அரபைமா 2 மீட்டர் நீளத்தை எளிதில் எட்டும். வட அமெரிக்காவின் அலிகேட்டர் கார் என்னும் மீனில், 2011-ஆம் ஆண்டு மிசிசிப்பி மாநிலத்தில் பிடிபட்ட ஒன்று ஏறத்தாழ 2.57 மீட்டர் நீளமும் 148 கிலோகிராம் எடையும் உடையதாக இருந்தது. இராட்சத கௌராமி 60 முதல் 70 செ.மீ. வரை வளரக்கூடும். தொட்டியின் பாசியைத் தின்று சுத்தம் செய்யும் என்று சொல்லி விற்கப்படும் உறிஞ்சுவாய்க் கெளிறுகூட 40 செ.மீ.க்கு மேல் வளர்வதே. ஆகவே, தொட்டியைத் தேர்ந்தெடுக்கும்பொழுது அளக்கவேண்டியது கையிலுள்ள குஞ்சை அன்று. அதன் முழு வளர்ச்சியையே ஆகும்.

இவ்விடத்தில் இரண்டு தவறான கருத்துகளை நீக்குதல் வேண்டும். ஓர் அங்குல மீனுக்கு ஒரு காலன் நீர் போதும் என்பது முதலாவது. சிறு மீன்களுக்கு இது ஒருவாறு பொருந்தலாம். பெருமீன்களுக்கு அறவே பொருந்தாது. உடலமைப்பு மாறாதிருப்பின், மீனின் நீளம் பத்து மடங்கானால் எடை ஆயிரம் மடங்காகும். 3 செ.மீ. நீளமுள்ள பத்து மீன்களின் மொத்த நீளமும், 30 செ.மீ. நீளமுள்ள ஒரே மீனின் நீளமும் சமம். ஆனால் அவ்வொரு மீனின் எடை அப்பத்தின் மொத்த எடையைப்போல் நூறு மடங்கு. உண்பதும் கழிப்பதும் எடையைச் சார்ந்தனவேயன்றி நீளத்தைச் சார்ந்தன அல்ல. தொட்டியின் அளவுக்கேற்ப மீன் தன் வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும் என்பது இரண்டாவது கருத்து. சிறு தொட்டியில் மீன் குறுகி நிற்பது உண்டு. அது கழிவு தேங்கிய நீராலும் இடக்குறைவாலும் ஏற்பட்ட நலிவேயன்றி, மீன் தானாகச் செய்துகொண்ட ஏற்பாடன்று. முதுகெலும்பு வளைவதும் ஆயுள் குறைவதும் இந்நலிவின் விளைவுகளே.

இனி, தொட்டியின் வடிவத்தைக் காண்போம். எத்தனை லிட்டர் என்று கேட்பது வழக்கம். எத்தனை அகலம் என்று கேட்பதே முறை. தன் உடலை வளைத்து, மூக்கும் வாலும் சுவரில் உரசாமல் திரும்ப இயலாத மீன், எத்தனை ஆழமான நீரில் இருப்பினும் சிறைப்பட்டதே. தொட்டியின் நீளம் மீனின் முழு வளர்ச்சி நீளத்தைப்போல் 4 மடங்கிற்கும், அகலம் 2 மடங்கிற்கும், நீரின் ஆழம் ஒரு மடங்கிற்கும் குறையலாகாது என்பது களத்தில் பயன்படுத்தத்தக்க ஒரு கணக்கு. இது தாராளமான அளவன்று, கீழெல்லையே. ஜப்பானின் ஒகினாவாவில் 2002-இல் திறக்கப்பட்ட சுராவுமி நீர்க்காட்சிச்சாலையின் பெருந்தொட்டி 35 மீட்டர் நீளமும் 27 மீட்டர் அகலமும் 10 மீட்டர் ஆழமும் உடையது. அதில் வளர்க்கப்பட்ட திமிங்கலச் சுறா 8 மீட்டருக்கு மேல் நீளமுடையது. அத்துணைப் பெரிய தொட்டியிலும் நீளவிகிதம் ஏறத்தாழ 4 தான் என்பது கருதத்தக்கது.

இக்கணக்கின்படி 130 செ.மீ. வளரும் பங்காசியஸுக்கு 5.2 மீட்டர் நீளமும் 2.6 மீட்டர் அகலமும் 1.3 மீட்டர் ஆழமும் வேண்டும். அதாவது ஏறத்தாழ 17,500 லிட்டர். மேலும், இது கூட்டமாக நீந்தும் இயல்பினது. சிறு அசைவுக்கும் மிரண்டு பாய்வது. தனியாக வைப்பின் கண்ணாடியில் மோதி மூக்கைப் புண்ணாக்கிக்கொள்ளும். 30 செ.மீ. வளரும் ஆஸ்கார் மீன் ஒன்றுக்கோ 120 செ.மீ. நீளமும் 60 செ.மீ. அகலமும் 45 செ.மீ. ஆழமும் உள்ள 324 லிட்டர்த் தொட்டி போதும். வீட்டிலோ வகுப்பறையிலோ வைக்கத்தக்க தொட்டியின் எல்லை, 30 அல்லது 40 செ.மீ. வளரும் மீனோடு முடிந்துவிடுகிறது என்றே கொள்ளலாம்.

அகலத்தைக் கூட்டாமல் உயரத்தைக் கூட்டி விற்பது கடைக்காரர் வழக்கம். அறையில் அது இடத்தை அடைப்பதில்லையல்லவா? ஆனால் கண்ணாடி தாங்கும் அழுத்தம் நீரின் ஆழத்தைப் பொறுத்தது. 180 செ.மீ. நீளமும் 60 செ.மீ. ஆழமும் உள்ள நீர், முன்பக்கக் கண்ணாடியை ஏறத்தாழ 324 கிலோகிராம் எடைக்குச் சமமான விசையோடு தள்ளுகிறது. ஆழத்தை இரட்டித்தால் இவ்விசை நான்கு மடங்காகி 1,296 கிலோகிராமை எட்டும். அகலத்தை இரட்டித்தாலோ முன்கண்ணாடியின் மேலுள்ள விசை சிறிதும் மாறாது, நீரும் இரட்டிக்கும், மீனும் திரும்பும். தரையையும் நினைவிற்கொள்க. குடியிருப்பு அறையின் தளம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோகிராம் சுமையைத் தாங்குமாறு திட்டமிடப்படுவது இந்தியத் தர வழக்கம். 60 செ.மீ. ஆழ நீரோ, தொட்டியின் அடியில் சதுர மீட்டருக்கு 600 கிலோகிராம் சுமையாகும். பெருந்தொட்டியை மாடியில் வைக்க எண்ணுவோர் முதலில் பொறியாளரைக் கலந்துகொள்ளுதல் வேண்டும்.

நீரின் தூய்மைக்கு வருவோம். 10 கிலோகிராம் எடையுள்ள மீனுக்கு நாளொன்றுக்கு அதன் எடையில் நூற்றில் ஒரு பங்கு, அதாவது 100 கிராம் தீவனம் இடுவதாகக் கொள்வோம். தீவனத்தில் நூற்றுக்கு 32 பங்கு புரதம் இருப்பின், ஏறத்தாழ 3 கிராம் அம்மோனியா நைட்ரஜன் நீரில் சேரும். 180 செ.மீ. நீளமும் 60 செ.மீ. அகலமும் 60 செ.மீ. ஆழமும் உள்ள 648 லிட்டர்த் தொட்டியில், இது ஒரே நாளில் லிட்டருக்கு 4.6 மில்லிகிராம் ஆகிவிடும். 30 டிகிரி வெப்பமும் 8 என்னும் பி.எச். அளவும் உள்ள நீரில் இதில் நூற்றுக்கு ஏழு பங்கு நச்சு வடிவில் நிற்கும். அது லிட்டருக்கு 0.3 மில்லிகிராம். இந்நச்சு 0.05 மில்லிகிராமை எட்டினாலே செவுள்கள் கேடுறத் தொடங்கும். 17,500 லிட்டர் நீரிலோ, அதே 3 கிராம் லிட்டருக்கு 0.17 மில்லிகிராமாக விரிந்து, வடிகட்டியில் வாழும் பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாகவும் பின் நைட்ரேட்டாகவும் மாற்றிவிடக்கூடிய அளவில் நிற்கும். நைட்ரேட்டை நீக்க நீரை மாற்றவேண்டும். வாரந்தோறும் கால் பங்கை மாற்றினால் 4,400 லிட்டர் செலவாகும். நகரத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற கணக்கில், நால்வர் கொண்ட குடும்பத்திற்கு இது எட்டு நாள் நீராகும்.

பங்காசியஸ், அரபைமா, கௌராமி ஆகிய மூன்றும் காற்றை நேரே சுவாசிக்கவல்லன. ஆக்சிஜன் குறைந்த நீரில் வேறு மீன்கள் மிதந்து மடியும்பொழுதும் இவை மேலே வந்து காற்றை விழுங்கிப் பிழைத்திருக்கும். இதைக் கண்டு தொட்டி போதும் என முடிவு செய்தல் தவறு. அம்மோனியாவின் தீங்கு காற்றை விழுங்குவதால் தீர்வதன்று.

பள்ளியில் இதனை விளக்க மீன் வாங்கவேண்டியதில்லை. அட்டையில் 130 செ.மீ. நீளமுள்ள மீன் ஒன்றை வெட்டி, கடைத்தொட்டியின் அளவைச் சுண்ணக்கட்டியால் தரையில் வரைந்து, கோட்டைத் தொடாமல் மீனைத் திருப்புமாறு மாணவரைக் கேட்கலாம். பின்னர் அவர்களே திருப்புவதற்குப் போதிய கட்டத்தை வரைந்து, அதன் கன அளவைக் கணக்கிடட்டும். வகுப்பறை போதாமல் திடலுக்குச் செல்ல நேர்ந்தாலும் நன்றே.

பெருமீன் வளர்த்தே தீரவேண்டும் என்போர் கண்ணாடியை விடுத்து, திறந்தவெளியில் வட்டமான சிமெண்டுத் தொட்டி கட்டுதல் தகும். 5 மீட்டர் விட்டமும் 1.2 மீட்டர் ஆழமும் உடையது ஏறத்தாழ 23,500 லிட்டர் கொள்ளும். மூலைகள் இல்லாமையால் மிரண்ட மீன் முட்டி நிற்பதில்லை. மேலே வலையும், வடிகாலில் கம்பி வலையும் கட்டாயம் வேண்டும். தொட்டியின் விளிம்பு வெள்ளமட்டத்திற்கு மேல் இருத்தல் வேண்டும். 2018-ஆம் ஆண்டுக் கேரள வெள்ளத்திற்குப் பின் அரபைமாவும் அலிகேட்டர் காரும் அங்குள்ள ஆறுகளில் அகப்பட்டன. 2023-இல் காஷ்மீரத்துத் தால் ஏரியில் பாசி நீக்கும்பொழுது அலிகேட்டர் கார் ஒன்று கிடைத்தது. தொட்டியில் அடங்காத மீனை இரக்கத்தால் ஆற்றில் விடுவோரும் உளர். அவ்விரக்கத்தின் விலையை நாட்டு மீன்களே கொடுக்கின்றன. உறிஞ்சுவாய்க் கெளிறு பல மாநிலங்களின் நீர்நிலைகளில் பெருகி, கரைகளைத் துளைத்தும் வலைகளைக் கிழித்தும் வருவதைக் களப்பணியாளர் நன்கறிவர்.

வளர்ந்துவிட்ட மீனை வைத்திருக்க இயலாதவர் விற்ற கடையிடமோ, இடவசதியுள்ள பண்ணையிடமோ அதனை ஒப்படைக்கலாம். அயல்நாட்டுப் பெருமீன் ஒன்று ஆற்றிலோ ஏரியிலோ பிடிபட்டதாகச் செய்தி வரின், இடம், நாள், நீளம், எடை ஆகியவற்றைக் குறித்து, அளவுகோலுடன் படமெடுத்து, மாவட்ட மீன்வள அலுவலகத்திற்கு அனுப்புக. அம்மீனை மீண்டும் நீரில் விடலாகாது.