வாய்திறவா வேட்பாளர்: 1952 இல் அமெரிக்கப் பழைமை பேணுவோர் எதிர்நோக்கிய வினா

தேர்தற் களத்தில் நிற்போரை எடைபோடுதல் எளிதன்று. நிற்பாரோ நில்லாரோ எனத் தெரியாதிருப்பவரை எடைபோடுதல் அதனினும் அரிது. ஐக்கிய அமெரிக்காவிலே, 1951 ஆம் ஆண்டின் பிற்பகுதியில், குடியரசுக் கட்சியைச் சார்ந்த பழைமை பேணும் வாக்காளர் இவ்விடர்ப்பாட்டுக்கு உள்ளாயினர். அவர்தம் கண்முன் நின்றோர் இருவர். ஒருவர் ஒகையோ மாநிலத்துச் செனற்றர் ரொபேட் டாஃப்ட். மற்றவர் தளபதி டுவைற் ஐசனோவர். முன்னவர் கொள்கை யாதென யாவரும் அறிவர். பின்னவர் எக்கட்சியினர் என்பதையே அவர் வாயிலாக எவருங் கேட்டிலர்.

டாஃப்ட் அந்நாட்டின் 27 ஆவது சனாதிபதியின் மைந்தர். 1939 தொடக்கம் செனற் சபையில் இருந்தவர். ரூஸ்வெல்ற்றின் ஆட்சி மத்திய அரசின் கையை எங்கும் நீளச் செய்தபோது அதனை இடைவிடாது எதிர்த்தவர். தொழிற்சங்கங்களின் அதிகாரத்தைக் கட்டுப்படுத்திய 1947 ஆம் ஆண்டுச் சட்டம் அவர் பெயரையுந் தாங்கி நிற்கின்றது. 1949 இல் வட அத்திலாந்திக் ஒப்பந்தத்துக்கு எதிராக வாக்களித்தார். தொண்டர்கள் அவரைக் கட்சியின் மறுவடிவமெனவே போற்றினர். ஆயினும் 1940 இலும் 1948 இலும் கட்சி நியமனத்தை நாடி அவர் தோல்வியுற்றார்.

1932 முதல் 1948 வரை ஐந்து சனாதிபதித் தேர்தல்களிலே குடியரசுக் கட்சி தொடர்ந்து தோற்றது. இத்தோல்விகளுக்குப் பழைமை பேணுவோர் ஒரு காரணங் கூறினர். சிறிது காலத்துக்கு முன்வரை சனநாயகக் கட்சியிலிருந்த வில்க்கியையும், அவருக்குப் பின் இருமுறை நியூயோர்க் ஆளுநர் டியூவியையும் நிறுத்தி, எதிர்க்கட்சியின் குரலையே தாழ்ந்த சுருதியிற் பாடியமையால் வாக்காளர் மூலத்தையே தெரிந்துகொண்டனர் என்பது அவர்தம் வாதம். உண்மையான கொள்கையாளரை நிறுத்தினால் வெற்றி கிட்டுமென அவர் நம்பினர். இவ்வாதம் அதுவரை சோதிக்கப்படாதது. சோதிக்கப்படாமையே அதற்கு வலிமையும் தந்தது.

ஐசனோவரின் நிலை வேறு. 1948 இல் இரு கட்சியினரும் அவரை நாடினர். நியூ ஹாம்ஷயர் மாநிலப் பத்திரிகை வெளியீட்டாளர் ஒருவருக்கு அவ்வாண்டு சனவரியில் எழுதிய கடிதத்தில், வாழ்நாள் முழுவதும் படையிற் சேவை புரிந்தோர் உயர் அரசியற் பதவியை நாடாதிருத்தலே நன்றென்று அவர் மறுத்தார். மறுப்பு அவர் மதிப்பை உயர்த்தியதேயன்றிக் குறைத்திலது. பதவியை வேண்டாதவனே பதவிக்குத் தகுந்தவன் என்னும் எண்ணம் எந்நாட்டு மக்களிடத்தும் உண்டு. பட்டத்து யானை மாலைசூட்டி அரசனைத் தேர்ந்ததாகக் கூறும் நம் பழங்கதைகளும் அவ்வெண்ணத்தின்பாற் பட்டவையே. குடியரசுக் கட்சியின் சின்னமும் யானையாக அமைந்தமை தற்செயலே எனினும் பொருத்தமானது.

ஆனால், இரு கட்சியினரும் விரும்பியவர் என்ற அப்புகழே பழைமை பேணுவோர்க்கு ஐயத்தை விளைத்தது. எல்லார்க்கும் இனியவராயிருப்பவர் எவ்விடத்து உறுதியாய் நிற்பார்? வரியையும் அரசின் செலவையும் பற்றி அவர் கருத்து யாது? ரூஸ்வெல்ற்றின் கீழும் ட்ரூமனின் கீழும் பணிபுரிந்தவர் அவர்தம் வெளிநாட்டுக் கொள்கையை மாற்றுவரா? இவ்வினாக்களுக்கு விடை இல்லை. 1951 இல் அவர் வட அத்திலாந்திக் படைகளின் தலைவராகப் பாரிஸ் நகரிலே இருந்தார். படைச் சேவையிலிருப்பவர் அரசியற் பிரசாரஞ் செய்தல் விதிக்கு ஒவ்வாது. ஆகவே அவர் மௌனத்துக்கு முறையான காரணம் இருந்தது. அம்மௌனம் அவருக்கு நன்மை பயத்தது என்பதும் மறுக்கற்பாலதன்று. ஒவ்வொருவரும் தத்தம் விருப்பத்தை அவர்மேல் ஏற்றிக் காண அது இடந்தந்தது.

இவ்விடத்து ஒரு நிகழ்ச்சியை விரிவாகக் கூறுதல் வேண்டும். 1951 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஐசனோவர் டாஃப்டைப் படைத்துறைத் தலைமையகத்துக்கு அழைத்துத் தனிமையிற் சந்தித்தார். ஐரோப்பாவின் கூட்டுப் பாதுகாப்புக்கு ஆதரவளிப்பதாக டாஃப்ட் உறுதி கூறின், தாம் அரசியலினின்று முற்றாக விலகுவதாக அறிவிக்க எண்ணி, அவ்வறிக்கையை முன்னதாகவே எழுதி வைத்திருந்தார். டாஃப்ட் உறுதி கூறவில்லை. எத்தனை படைப்பிரிவுகள் அனுப்பப்படும் என்பதிலேயே அவர் கருத்துச் சென்றது. அவர் சென்றபின் ஐசனோவர் அத்தாளைக் கிழித்தெறிந்தார். இவற்றை 1967 இல் வெளியான தம் நினைவு நூலில் அவரே கூறுகின்றார். அத்தாளைப் பற்றி டாஃப்டுக்கு எதுவுந் தெரியாது. ஒரு சொல்லால் தம் வலிய போட்டியாளரை அகற்றியிருக்கக் கூடியவர், தாம் நம்பாத அச்சொல்லைக் கூறாது சென்றார். இதனை அரசியற் குறுநோக்கு என்பர் சிலர். வாக்குறுதியை மலிவாக வழங்காத இப்பண்பே அவரைத் தொண்டர் நம்பியதற்குக் காரணம் என்பது எம் கருத்து.

டாஃப்ட் 1951 ஒக்டோபரிலே தம் வேட்பை அறிவித்தார். 1952 சனவரி 6 ஆந் திகதி செனற்றர் ஹென்றி கபற் லொட்ஜ், ஐசனோவரின் பெயரை நியூ ஹாம்ஷயர் முதனிலைத் தேர்தலிற் சேர்ப்பதாகக் கூறினார். மறுநாள் பாரிஸிலிருந்து வந்த அறிக்கை, தாம் குடியரசுக் கட்சிச் சார்பினர் எனவும், கட்சி அழைப்பின் ஏற்பதாகவும், ஆனால் நியமனத்தை நாடிப் பதவியை விட்டு வருவதில்லை எனவும் தெரிவித்தது. மதில்மேற் பூனை ஒரு காலை மட்டும் கீழே வைத்தது! பெப்ரவரியில் நியூயோர்க்கில் அவர் ஆதரவாளர் கூடிய பெருங்கூட்டத்தின் திரைப்படத்தை வானோடி ஜாக்குலின் கொக்ரன் பாரிஸுக்கு எடுத்துச் சென்று காட்ட, அவர் மனம் நெகிழ்ந்தார். மார்ச் 11 இல், அம்மாநிலத்திற் கால்வையாமலே அவர் டாஃப்டை வென்றார். ஒரு வாரத்துக்குப் பின் மினசோற்றாவில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர், அச்சிடப்படாத அவர் பெயரை வாக்குச் சீட்டில் தம் கையால் எழுதினர்.

எனினும் அக்காலத்தில் சில மாநிலங்களிலேயே முதனிலைத் தேர்தல் நடைபெற்றது. பெரும்பாலான பேராளரைக் கட்சிக் கூட்டங்களே தெரிந்தன. அங்கே டாஃப்டின் கை ஓங்கியிருந்தது. யூன் மாதத்தில் ஐசனோவர் நாடு திரும்பி வெளிப்படையாக உழைக்கலானார். யூலையிற் சிக்காகோ மகாநாட்டிலே ரெக்சஸ் முதலிய தென்மாநிலப் பேராளர் எவர் என்பதே பெரும் வழக்காயிற்று. ஒரே நாளுக்குக் குடியரசுக் கட்சியினராகியோர் புகுந்தனர் என்றனர் டாஃப்டின் ஆட்கள். பேராளர் களவாடப்பட்டனர் என்றனர் மறுபக்கத்தார். விதியைத் திருத்தும் தீர்மானம் 658 க்கு 548 என நிறைவேறியது. நியமனத்துக்கு 604 வாக்குகள் தேவை. முதற் சுற்றில் ஐசனோவருக்கு 595, டாஃப்டுக்கு 500. மினசோற்றா தன் வாக்குகளை மாற்றவே காரியம் முடிந்தது.

மனம் புண்பட்ட பழைமை பேணுவோர் விலகி நின்றிருப்பின் விளைவு யாதாகியிருக்குமோ! செத்தெம்பர் 12 இல் இருவரும் நியூயோர்க்கிற் சந்தித்தனர். செலவைக் குறைத்தலிலும், டாஃப்டின் ஆதரவாளரைப் பதவிகளில் ஒதுக்காமையிலும் உடன்பாடு எய்தப்பட்டது. ஆறு மாதங்களுக்கு முன் கேட்டு விடைபெறாத வினாக்கள் அன்றே ஓரளவு விடைபெற்றன. நவம்பரில் ஐசனோவர் 442 தேர்வாளர் வாக்குகளும், ஸ்ரீவன்சன் 89 உம் பெற்றனர். செனற்றிலே பெரும்பான்மைத் தலைவராகிய டாஃப்ட் புதிய ஆட்சிக்கு உண்மையாகத் துணைபுரிந்து, 1953 யூலை 31 இற் காலமானார்.

ஐயுற்றோரின் அச்சம் வீணன்று. ரூஸ்வெல்ற் காலத்துச் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தை ஐசனோவர் ஒழிக்கவில்லை. 1954 இல் விரிவாக்கவே செய்தார். பத்தாண்டு கழித்துப் பழைமை பேணுவோர் மீண்டும் ஒருவர் வாய்திறக்கக் காத்திருந்தனர். அவர் அரிசோனாச் செனற்றர் பரி கோல்ட்வோட்டர். தயங்கி நின்று 1964 சனவரியில் வேட்பை அறிவித்தவர். இம்முறை அவர்தம் கொள்கையில் எவர்க்கும் ஐயம் இருந்ததில்லை. நியமனமும் பெற்றார். நவம்பரில் ஐம்பது மாநிலங்களுள் ஆறே அவருக்குக் கிட்டின.