கையில் மூன்று போர்வைகள்

ஒரு வேலையை முடித்த பிறகே மறு வேலையைத் தொட வேண்டும் என்பது பெரியோர் நமக்குச் சொல்லி வரும் அறிவுரை. தலைமையாசிரியனாக இருந்த காலத்தில் நானும் அதனை மாணவர்க்குப் பலமுறை எடுத்துக் கூறியதுண்டு. நல்ல அறிவுரைதான். ஆயினும், எல்லா வேலைகளுக்கும் அஃது ஒரே வகையாகப் பொருந்துமா என்று ஆராய்ந்து பார்ப்பது நலம். அவ்வாராய்ச்சிக்கு நான் எடுத்துக்கொள்ளும் பொருள் மிக எளியது. துண்டுத் துணிகளை இணைத்துத் தைக்கும் ஒட்டுப்போர்வை. ஆசிரியப் பயிற்சியின்போது கைத்தொழிற் பாடமாகத் தையற்கலை எனக்கு வாய்த்தது. ஓய்வு பெற்றபின் அந்த ஊசியை மறுபடியும் கையிலெடுத்தேன். இப்போது என் வீட்டில் மூன்று போர்வைகள் ஒரே காலத்தில் உருவாகி வருகின்றன. மூன்றும் இன்னும் முடியவில்லை; ஆனால் எதுவும் நின்றுவிடவும் இல்லை. அஃது எங்ஙனம் இயலும் என்பதை மாணவ மாணவியர்க்கு விளக்குவதே என் நோக்கம்.

ஒட்டுப்போர்வை பெரும்பாலும் மூன்று அடுக்குகளை உடையது. மேலடுக்கு, சிறு துண்டுகளை அழகுற இணைத்துத் தைத்தது. நடுவடுக்கு, குளிரைத் தடுக்கும் பஞ்சு அல்லது பழைய கம்பளி. அடியடுக்கு, ஒரே நிறத்து எளிய துணி. இம்மூன்றும் ஒன்றைவிட்டு ஒன்று நழுவாதபடி போர்வை முழுவதும் ஓட்டுத்தையல் போட்டு, விளிம்பைச் சுற்றிப் பட்டி வைத்து முடிப்பார்கள்.

துண்டுகளை இணைக்கும் இக்கலை மிகப் பழமையானது. மகத நாட்டு நெல்வயல்களின் வரப்பமைப்பைக் கண்டு, அதே வடிவில் பிக்குகளின் ஆடையைத் துண்டுகளால் இணைக்கும் முறையைப் புத்தரின் சீடராகிய ஆனந்தர் வகுத்தார் என்று பௌத்தரின் விநய நூல் கூறுகிறது. வங்காளத்துப் பெண்கள் பழஞ்சேலைகளை அடுக்கித் தைப்பது ‘காந்தா’ எனப்படும். வடமொழியில் ‘கந்தா’ என்றால் ஒட்டுப் போட்ட துணி. நாம் வழங்கும் ‘கந்தை’ என்னும் சொல்லும் அதனோடு உறவுடையதே. சிந்து நாட்டிலும் அமெரிக்காவிலும் இக்கலை வெவ்வேறு பெயரோடு வளர்ந்திருக்கிறது. எங்கும் இதற்குத் தாய் சிக்கனம். உடுத்துக் களைந்த துணியிலும் இன்னும் சிறிது உயிர் இருக்கிறது என்று கண்ட இல்லத்தரசிகளே இதன் ஆசிரியர்கள்.

இனி, வேலையின் படிகளைப் பார்ப்போம். முதற்படி துணிகளைத் துவைத்தல். புதிய பருத்தித் துணி முதற் சலவையில் சுருங்கும்; சிவப்பு, கருநீலம் போன்ற சில சாயங்கள் கரையும். ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்துப் பார்த்தால் சாயம் நிற்குமா என்பது தெரிந்துவிடும். இரண்டாம் படி, நிறங்களைத் தேர்ந்து அடுக்குதல். இதனைப் பகல் வெளிச்சத்தில்தான் செய்ய வேண்டும். மங்கிய விளக்கொளியில் கறுப்புக்கும் கருநீலத்துக்கும் வேறுபாடு தோன்றாது. மூன்றாம் படி வெட்டுதல். பாவு நூலோடும் ஊடை நூலோடும் நேராக வெட்டிய துண்டு வடிவம் மாறாது. மூலைவாட்டில் வெட்டியது இழுபடும். நான்காம் படி துண்டுகளை இணைத்தல். ஐந்தாம் படி மூன்று அடுக்குகளையும் விரித்து, சுருக்கமின்றித் தற்காலிகமாக இழையோட்டுதல். ஆறாம் படி, மடியில் வைத்துக் கையால் ஓட்டுத்தையல் இடுதல். ஏழாம் படி விளிம்புக்குப் பட்டி வைத்தல்.

இந்த ஏழு படிகளும் ஒரே தன்மையன அல்ல என்பதைக் கவனியுங்கள். வெட்டுவதற்கு மேசையும், கூரிய பார்வையும், பேச்சற்ற அமைதியும் தேவை. 8 துண்டுகள் கொண்ட ஒரு வரிசையில் ஒவ்வொரு துண்டும் அரைக்கால் அங்குலம் குறைந்தால், முடிவில் வரிசையில் முழுதாக ஓர் அங்குலம் குறைந்துவிடும்! அடுக்குகளை விரிக்க வேண்டுமானால் கூடத்துத் தரை முழுவதும் காலியாக இருக்க வேண்டும். அதற்கு வீட்டார் இசைய வேண்டும். ஓட்டுத்தையலோ மாலையில் திண்ணையில் அமர்ந்து, வந்தவர்களுடன் உரையாடிக்கொண்டே செய்யக்கூடியது. ஆகவே, ஒரே ஒரு போர்வையை மட்டும் வைத்துக்கொண்டு, அது வெட்டும் படியில் நிற்குமானால், மாலை வேளையில் என் கைகள் சும்மா இருக்க நேரும். வெவ்வேறு படிகளில் நிற்கும் சில போர்வைகள் இருந்தால், நேரத்துக்கும் இடத்துக்கும் உடல்நிலைக்கும் ஏற்ற வேலை எப்போதும் கைவசம் இருக்கும். பலவற்றை ஒருங்கே நடத்துவதன் நியாயம் இதுவே.

என் வீட்டுப் போர்வைகளையே சான்றாகக் கூறுகிறேன். முதலாவது, கல்லூரி விடுதிக்குச் செல்லவிருக்கும் என் தம்பி மகளுக்கு. 60 அங்குல அகலம், 80 அங்குல நீளம். தைத்து முடித்தபின் 5 அங்குலம் நிற்கும் சதுரங்கள் அகலத்தில் 12, நீளத்தில் 16. ஆக 192 சதுரங்கள். தையலுக்காக ஒவ்வொரு புறமும் கால் அங்குலம் விட வேண்டுமாதலால், ஒவ்வொன்றையும் ஐந்தரை அங்குலமாக வெட்டியிருக்கிறேன். இப்போது தையல் இயந்திரத்தில் அவற்றை இணைத்து வருகிறேன். இரண்டாவது, எங்கள் ஊர்ப் பால்வாடியில் குழந்தைகள் நண்பகலில் படுத்து உறங்குவதற்கான சிறு விரிப்பு. 40 அங்குலத்துக்கு 50 அங்குலம். தையற்காரர் கடையில் கழித்த துணிகளால் ஆன 80 சதுரங்கள். அஃது ஓட்டுத்தையற் படியை அடைந்துவிட்டது. மாலை நேரம் அதற்கு உரியது. மூன்றாவது, மறைந்த என் அன்னையாரின் பழஞ்சேலைகளால் ஆவது. அஃது இன்னும் துணி தேரும் படியிலேயே இருக்கிறது. காலை வெளிச்சம் அதற்கு உரியது.

எல்லாப் போர்வைகளும் இவ்வாறு படிப்படியாகத்தான் உருவாகின்றன என்று எண்ண வேண்டா. கருநாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில், ஆப்பிரிக்க வழிவந்த சித்தி இன மக்கள் வாழ்கிறார்கள். அவர்தம் பெண்கள் தைக்கும் ‘கவந்தி’ என்னும் போர்வையின் முறையே வேறு. பழஞ்சேலை ஒன்றை அடியில் விரித்து, விளிம்பிலிருந்து தொடங்குவார்கள். துண்டுத் துணியின் ஓரத்தை மடித்து வைத்து, ஓட்டுத்தையல் போட்டுக்கொண்டே சுற்றிச் சுற்றி நடுவை நோக்கி வருவார்கள். இணைப்பதும், அடுக்குகளைப் பிணைப்பதும், விளிம்பை முடிப்பதும் அங்கே ஒரே வேலை. மூலைகளில் சிறு துணியை மடித்துத் தைத்த ‘பூ’ இல்லாவிட்டால் போர்வை நிறைவு பெற்றதாக அவர்கள் கருதுவதில்லை. சமையலுக்கோ வயலுக்கோ போக வேண்டுமாயின், அப்படியே சுருட்டி வைத்துவிட்டுப் போகலாம். மீண்டும் விரித்தால், கடைசித் தையல் நின்ற இடமே அடுத்த தையலின் இடத்தைக் காட்டிவிடும்.

இதில் நமக்கு ஓர் உண்மை புலனாகிறது. பாதியில் நிற்கும் வேலைகள் இரு வகைப்படும். ‘அடுத்துச் செய்ய வேண்டியது இன்னது’ என்று தெளிவாகச் சொல்லக்கூடியது ஒரு வகை. அஃது இளைப்பாறும் வேலை. எப்போது வேண்டுமானாலும் எழுந்து நடக்கும். அடுத்தது என்னவென்று சொல்ல இயலாதது மற்றொரு வகை. அது கைவிடப்பட்ட வேலை. பெட்டிக்குள் இருந்தாலும் நம் மனத்தின்மேல் பாரமாகக் கிடக்கும். கவந்தியில் அடுத்த செயலைப் போர்வையே சொல்லிவிடுகிறது. படிப்படியாகச் செய்யும் போர்வையில் அதனை நாம்தான் எழுதி வைக்க வேண்டும்.

வேலை மாற்றுவதற்கு ஒரு விலையும் உண்டு. 1927ஆம் ஆண்டு ஆர்தர் ஜெர்சில்ட் என்னும் உளநூலறிஞர் இதனை அளந்து காட்டினார். ஒரே வகைக் கணக்கைத் தொடர்ந்து போடுவதைவிட, கூட்டலும் கழித்தலும் மாறி மாறிப் போடுவதற்கு மிகுதியான நேரம் ஆயிற்று. இதனை நீங்களே சோதிக்கலாம். இரண்டிலக்க எண்கள் இருபதை ஒரு தாளில் எழுதி, முதற் பத்தில் மூன்றைக் கூட்டுங்கள். பின் பத்தில் மூன்றைக் கழியுங்கள். வேறொரு தாளிலும் இருபது எண்களை எழுதி, ஒன்றில் கூட்டியும் அடுத்ததில் கழித்தும் மாறி மாறிச் செய்யுங்கள். இரண்டுக்கும் ஆன நேரத்தைக் கடிகாரத்தில் பாருங்கள். மேலும், விட்டு வந்த வேலையின் நினைவு அடுத்த வேலையிலும் ஒட்டிக்கொண்டு கவனத்தைக் குறைக்கிறது என்று சோஃபி லெராய் என்னும் ஆய்வாளர் 2009இல் விளக்கினார். அவரே தெரசா கிளாம்ப் என்பாருடன் சேர்ந்து 2018இல் வெளியிட்ட ஆய்வு அதற்கு மருந்தும் கூறுகிறது. ஒரு வேலையை இடையில் விடும்போது, எங்கே நிற்கிறோம், திரும்பி வந்ததும் என்ன செய்வோம் என்பதைச் சுருக்கமாக எழுதி வைத்தவர்கள், அடுத்த வேலையில் நன்கு ஈடுபட்டார்கள்.

இதனால்தான் என் வீட்டில் சில விதிகளைக் கைக்கொள்கிறோம். முதலாவது, போர்வைக்கு ஒரு துணிப்பை. அதன் துணி, நூல், ஊசி, அளவுத்தாள் யாவும் அதனுள்ளேயே இருக்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கடன் கிடையாது. இரண்டாவது, பையை மூடுமுன் ஒரு சீட்டு. “ஏழாம் வரிசை முடிந்தது, எட்டாம் வரிசையில் மஞ்சள் துண்டிலிருந்து தொடங்குக” என்பது போல ஒரே ஒரு வாக்கியம் போதும். மூன்றாவது, ஒத்த வேலைகளைச் சேர்த்துச் செய்தல். எல்லாப் போர்வைக்குரிய துணிகளையும் ஒரே நாளில் துவைத்து உலர்த்துகிறோம். அளவு ஒத்த சதுரங்களை ஒரே அமர்வில் வெட்டுகிறோம். நான்காவது, எண்ணிக்கைக்கு ஓர் எல்லை. மூன்றில் ஒன்று முடிந்தாலன்றி நான்காவதற்கு இடமில்லை. இந்த நான்காம் விதியே எல்லாவற்றினும் கடினமானது. ஏனெனில் தொடங்குவதில் உள்ள இன்பம் முடிப்பதில் இருப்பதில்லை. ஐந்தாவது, மழைக்காலத்தில் பைகளைத் திறந்து காற்றாட விடுதல். ஈரம் பூஞ்சணத்தை வளர்க்கும். கஞ்சிப்பசை உள்ள துணியை இராமபாணப் பூச்சி அரிக்கும்.

இனி, மூன்றில் எதற்கு முதலிடம் என்ற கேள்வி எழுகிறது. விடுதிப் போர்வைக்குக் கல்லூரி திறக்கும் நாள் தவணை. பால்வாடி விரிப்புக்குக் குழந்தைகளின் தேவை தவணை. அன்னையாரின் சேலைகளுக்கு எவரும் நாள் குறிக்கவில்லை. யாரும் வந்து கேட்கப் போவதுமில்லை. ஆனால் அந்தச் சேலைகள் மடிப்பு வழியே இற்று வருகின்றன. அவற்றை மெல்லிய புதுத்துணியின்மேல் வைத்துத் தைத்தால்தான் தாங்கும். நூல் கோக்கும்போது ஊசியின் காது முன்போல எனக்குத் தெளிவாகத் தெரிவதும் இல்லை. குறித்த நாள் இல்லாத வேலை காத்திருக்கும் என்று நாம் எண்ணுகிறோம். துணியும் கண்ணும் காத்திருப்பதில்லை.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்னும் சிற்றூர் போர்வைக் கலைக்குப் பெயர் பெற்றது. அவ்வூரில் மிசூரி பெட்வே என்னும் பெண்மணி, தம் கணவர் இறந்தபின், அவர் வயலில் உழைத்தபோது உடுத்த துணிகளைக் கொண்டே 1942இல் ஒரு போர்வை தைத்தார். அவருடைய மகளும் உடனிருந்து உதவினார். வெளுத்தும் கறைபடிந்தும் இருந்த அத்துணிகளை அவர் ஒதுக்கவில்லை. அவ்வூர்ப் போர்வைகள் 2002இல் ஹூஸ்டன் நகர நுண்கலைக் காட்சியகத்தில் வைக்கப்பட்டு உலகப் புகழ் எய்தின. ஆனால் அன்று அப்பெண்மணியை ஊசி எடுக்கச் செய்தது புகழன்று. துணியில் இன்னும் எஞ்சியிருந்த ஒருவரின் நினைவே. ஆதலின் நாளின் முதல் அரைமணி நேரத்தை, வெளிச்சம் நன்றாக இருக்கும் பொழுதை, எவரும் கேளாத அந்த மூன்றாம் போர்வைக்கே ஒதுக்கியிருக்கிறேன். தவணையுள்ள வேலைகள் தம் நேரத்தைத் தாமே கேட்டு வாங்கிக்கொள்ளும்.

மாணவர்களே! உங்கள் கையிலும் ஒரே காலத்தில் பல வேலைகள் இருக்கின்றன. கணிதம் உண்டு, மொழி உண்டு, அறிவியல் உண்டு. வீட்டில் உதவியும் விளையாட்டும் உண்டு. ஒன்றை முற்றும் முடித்துவிட்டு மற்றொன்றைத் தொடுவது உங்களுக்கும் இயலாது. மனம் தெளிந்திருக்கும் வேளையைக் கடினமான பாடத்துக்கும், களைத்த வேளையைப் படி எடுத்தல், படம் வரைதல் போன்றவற்றுக்கும் கொடுங்கள். ஒரு நூலை மூடுமுன், மறுநாள் எந்தக் கணக்கில் தொடங்குவீர்கள் என்பதை ஒரு வரியில் குறித்து வையுங்கள். புதியது ஒன்றைத் தொடங்கும் ஆசை எழும்போது, பழையவற்றுள் எது முடிந்தது என்று எண்ணிப் பாருங்கள். தேர்வில் வாராத, ஆசிரியர் கேளாத, ஆனால் உங்கள் உள்ளம் விரும்பும் வேலை ஒன்று இருக்குமாயின், அதற்கும் நாள்தோறும் சிறிது நல்ல நேரத்தைக் கொடுங்கள். இன்று மாலை நூலை மூடும்போதே அந்த முதற் சீட்டை எழுதிப் பாருங்கள்.